பதிவில் முரண்பாடு

பயிற்சி செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை.
எண்பத்து நான்கு ஸ்லைடுகள், நடுவில் ஆளுக்கொரு மஃபின்.
பிரின்ஸ் ஆல்பர்ட் கிளையில் பதினேழு பேர்,
எல்லார் முகத்திலும் திரையின் நீலம்.
நிலம் உடைமையல்ல, உறவு
என்றது ஐம்பத்தொன்றாம் ஸ்லைடு.
கார்லா டிக் அதை இரண்டு முறை வாசித்தாள்,
மைக் சரியாக வேலை செய்யாததால்.

கடைசியில் பத்துக் கேள்வி.
ஏழாவது: பூர்வகுடிகளின் பார்வையில் குடும்பம் என்பது
'இ' அழுத்தினேன். விரிந்தது, வட்டமானது.
பத்துக்குப் பத்து.
சான்றிதழ் வண்ணத்தில் அச்சாகி வந்தது.
காலண்டர் பக்கத்தில் ஒட்டினேன்,
டேப் தீர்ந்துபோய் மூன்று மூலை மட்டும்.

நவம்பரில் டெல்பர்ட் ஹால்கெட்டின் விடுப்பு விண்ணப்பம்.
வடக்குத் தடத்தில் மின்கம்பி பார்ப்பவன்.
பதினோரு வருடத்தில் என்னோடு பேசியது
பெரும்பாலும் பூட்ஸ் அளவு.
காரணம்: மரணம்.
உறவு: தாய்.
திரை சிவந்தது.
பதிவில் முரண்பாடு. இப்பணியாளரின் தாய்
நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காலமானார்.

ஆளுக்கு ஒரு தாய்தான் என்று
ரெஜைனா தலைமையகத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர்
இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

அழைத்தேன்.
என் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது என்று
இங்கே எழுதுவதில் பயனில்லை.
"டெல்பர்ட், படிவத்தில் சின்னத் தவறு,
திருத்தித் தரணும்."
பின்னால் டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.
"எந்த அம்மாவைத் திருத்த?" என்றான்.

கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.
சாலை நிலவரம் சொல்பவன்போலச் சொன்னான்:
பெற்றவளுக்குத் தங்கை.
கிரீ மொழியில் நிக்காவீஸ். என் சின்னம்மா.
பெற்றவளை ஏழு வயதில்
விடுதிப் பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.
தங்கையைக் கவிழ்த்த படகுக்கடியில் ஒளித்துவைத்தார்கள்.
அங்கே தேய்த்துக் கழுவிய பேச்சு
இங்கே இவள் வாயில் மிச்சமிருந்தது.
"பால் ஒருத்தி, பேச்சு ஒருத்தி" என்றான்.
பிறகு, லாரி கிளம்புது, வைக்கிறேன் என்றான்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
தாய்: மூன்று நாள்.
ஆன்ட்டி: பூஜ்யம்.
ஒரே சொல்லுக்குள் எத்தனை பெண்களை
நாங்கள் அடைத்து வைத்திருக்கிறோம்,
பூஜ்யம் போட்டு.

கார்லாவின் கழுத்துப்பட்டையில்
ஆரஞ்சு சட்டைப் பின் இன்னும் இருந்தது.
உண்மையிலேயே கண் கலங்கினாள்.
"விதி ரெஜைனாவில், சாவியும் அங்கே" என்றாள்.

அவன் போய்விட்டான்.
ஸ்டான்லி மிஷனுக்கு மூன்றரை மணி நேரம்,
வழியெல்லாம் பனி.
மண் இறுகிக் கிடந்ததாம். தீ மூட்டி, இளக்கி,
இரவு முழுக்க முறைபோட்டுத் தோண்டினார்களாம்.
இதைச் சொன்னது அவனல்ல, ஸ்டோர் ரூம் வெய்ன்.

சம்பளத்தில் மூன்று நாளையும் நான்தான் கழித்தேன்.
'இ' அழுத்திய அதே விரல்.

திங்கட்கிழமை என் மேசைக்கு வந்தான்.
கோட்டில் புகை வாசம், பழையதைப்போல அல்ல, ஈரமாக.
"கையுறை. பெரியது. ஒரு ஜோடி."
கையெழுத்துப் போட்டான். உள்ளங்கையில் கொப்புளம்.
ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்.
ஐம்பத்தொன்றாம் ஸ்லைடுதான் ஞாபகம் வந்தது.
மூடிக்கொண்டேன்.

அவன் போனதும் காலிப் படிவம் ஒன்றை அச்செடுத்தேன்.
தாய் என்ற பெட்டிக்குப் பக்கத்தில்
பேனாவால் எழுதினேன்: எத்தனை பேர்?
ரெஜைனாவுக்கு அனுப்ப ஸ்கேனரில் வைத்தேன்.

எங்கள் ஸ்கேனர் கையெழுத்தை
அழுக்கென்று எண்ணி வெளுத்துவிடும்.
வெறும் பெட்டிதான் திரையில் வந்தது.

தாளைத் திரும்ப எடுத்து
இன்னும் அழுத்தி எழுதினேன்.