கழித்தல் பதினாறு

ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோவுக்கு
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபது கிலோமீட்டர்,
பூமியின் முதுகு வளைவையும் சேர்த்து.
மணிக்கு எண்ணூற்று எண்பது என்று வைத்துக்கொண்டால்
பதினொரு மணி நேரம்.
காற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே.

ஹிமேனா கணக்கை நம்பவில்லை.
"ஞாயிறு மாலை ஆறுக்கு ஏறி
அதே ஞாயிறு நாலு மணி அடக்கத்துக்கு
எப்படிப் போய்ச் சேருவேன்?"

ரசீதைத் திருப்பிப்போட்டு எழுதிக் காட்டினேன்.
ஆறோடு பதினொன்று.
கழித்தல் பதினாறு.
ஞாயிறு பகல் ஒரு மணி.
தேதிக்கோட்டை நடுக்கடலில் தாண்டுவீர்கள்,
சாப்பாட்டுத் தட்டை எடுக்கும் நேரமாக இருக்கும்,
தெரியாது.

"அப்படியென்றால் ஐந்து மணி நேரம் எனக்கு மிச்சம்."
ஆமாம் என்றேன்.

பேனாவை வாங்கிக்கொண்டாள்.
எவரிஸ்தோ கண் மூடியது
வெள்ளி விடியல் மூன்றுக்கு.
அங்கிருந்து அந்த ஒரு மணி வரை ஐம்பத்தெட்டு.
ஐந்தால் வகுத்தாள்,
மீதியோடு மல்லுக்கட்டினாள்.
"இன்னும் பன்னிரண்டு முறை பறந்தால்
தம்பியைப் பிடித்துவிடலாம்."

ஒவ்வொரு முறையும் இங்கே திரும்பி வர வேண்டுமே என்று
நான் சொல்லவில்லை.
ஜன்னலோரமா என்று மட்டும் கேட்டேன்.

நடைவழி, என்றாள்,
கதவு திறந்ததும் எழுந்து ஓட.