நரி எண் நாற்பத்தொன்று

பையில் ஒட்டிய சீட்டில்
ஒந்த்ரெய் குபாலாவின் கோணல் எழுத்து:
ஓராவா, ஆண், மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்.
எண் மட்டும் நான் போட்டேன்.

மைனஸ் எண்பதில் ஒரு வாரம் கிடந்த பிறகுதான்
தொட அனுமதி.
நரி எப்போதோ செத்துவிட்டது.
குளிர் முட்டைகளுக்காக.

குடலைப் பிளந்து, அலசி,
தண்ணீர் தெளியக் காத்திருந்தேன்.
நாடாப்புழு என்று பேர் வைத்தவர்
இதைப் பார்த்திருக்க மாட்டார்.
மூன்று மில்லிமீட்டர்,
தையல்காரி ஊதித் தள்ளும் நூல்பிசிர்.
ஒரு கட்டத்தில் இருபது, அடுத்ததில் நூற்றிச் சொச்சம்.
நாலாயிரம் தாண்டியதும்
தேநீர் குடிக்கப் போனேன்.

நரிக்கு ஒரு குறையுமில்லை. கொழுத்திருந்தது.
நோவெல்லாம் வயலெலிக்கு:
ஈரல் பொங்கி, ஓட்டம் தளர்ந்து,
பிடிபடுவதற்கென்றே கனத்துப்போன எலிக்கு.

புழுவுக்கு மனிதன் முட்டுச்சந்து.
நம்மைத் தின்ன எந்த நரியும் வரப்போவதில்லை.
தெரியாமல் அது
பத்து வருடம், பதினைந்து வருடம்
ஈரலில் அறை அறையாகக் கட்டுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது
சுவர் வரைபடத்தில் மூன்று சிவப்புப் புள்ளி.
இப்போது பள்ளத்தாக்கே
அம்மை வார்த்த முகம்.

செவ்வாய்க்கிழமை பையோடு வந்தது
ஒந்த்ரெய் இல்லை, அவன் மனைவி ஹெத்விகா.
"ஸ்கேன் எடுத்தார்கள்.
புற்று என்றார்கள். பிறகு புற்றில்லை என்றார்கள்.
அந்த ஒரு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினோம்."

எதனால் என்று கேட்டாள்.
தோலுரித்த கையா,
முகம் நக்கும் நாயா,
ஆகஸ்டில் கழுவாமல் தின்ற நீலப்பழமா.
பழம் பறித்தது அவள்.
அவள் கேட்டது அதை மட்டும்தான்.

கண்டுபிடிக்க முடியாது என்றேன்.
அது உண்மைதான்.
என்றாலும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

ஆயுசுக்கும் மாத்திரை,
அதுவும் கொழுப்பான சாப்பாட்டோடு.
"பன்றிக்கொழுப்பைக் குறை, குறை என்று
முப்பது வருடமாய்க் கத்தினேன்" என்று சிரித்தவள்
சிரிப்பை எங்கே நிறுத்துவதென்று தெரியாமல்
கையுறையைத் தேடினாள்.

அவள் போன பிறகு பார்த்தேன்,
சீட்டில் உருண்டை உருண்டையான எழுத்து.
ஓராவா, பெண்.
இடம் எழுத மறந்திருந்தாள்.

இருட்டும் நேரம், பேருந்து நிறுத்தத்தில்
நானும் ஒரு நரியும்.
இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன.
அது இரண்டும் போகவில்லை.
என்னைப் பார்த்தபடியே குந்தி
பனியில் கொஞ்சம் வைத்துவிட்டு
குழந்தைகள் சறுக்கும் மேட்டுப் பக்கமாக
அவசரமில்லாமல் நடந்தது.