கூட ஒரு பட்டை

குட்டி யானையில் முப்பது மூட்டை ஏற்றிவந்தார்
கோட்டூர் அந்தோணிராஜ்.
பின்பக்கம் குந்தியிருந்தது வண்டி.
கூட ஒரு பட்டை போட்டேன்.
பட்டைதான் தாங்குமே என்று ஐம்பது ஏற்றினார்.
அச்சு முறிந்தது.

அடுத்தது பிக்கப். தவணையும் பெரிசு.
தவணை கட்ட எண்பது மூட்டை,
எண்பதுக்கு இன்னொரு பட்டை.
எனக்கென்ன, கூலி வந்தது.

இப்போது வாங்கியிருப்பதன் பானட்
என் நெஞ்சுக்கு நிற்கிறது.
உள்ளே ஏசி. முன்னால் போகும் சைக்கிள் தெரியாது.
"ஏன்யா இவ்வளவு பெரிசு?"
"எதிரே வர்றவன் பெரிசா வர்றானே."

பாமணியாற்றுப் பாலம் மட்டும்
மாட்டு வண்டிக்கு அளந்த அகலம்.
அதன் இடதுபக்கக் கைப்பிடிச் சுவரில்
அவர் வண்டிகளின் பெயிண்ட்:
வெள்ளை,
அதற்கு மேலே வெள்ளை,
நேற்று, ஒரு சாண் உயரத்தில்,
இன்னொரு வெள்ளை.