கூட்டியோ குறைத்தோ

நார்டா-இரண்டின் எடை ஆயிரத்து நூறு கிலோ.
இருபத்தொரு வருடமாகப் பேச்சுமூச்சு இல்லை.
மேகங்களைப் படமெடுக்கப் போனது,
இப்போது மேகங்களை நோக்கி வருகிறது,
தலை எது கால் எது என்று பிடிபடாமல்
புரண்டு புரண்டு.

டார்ம்ஷ்டாட்டில் செவ்வாய்க்கிழமை.
கீழ்த்தள இயந்திரத்தில் காப்பி தீர்ந்துவிட்டது.
டெட்லெஃப் தன் மேசையிலிருந்து கத்துகிறார்:
"சூரியன் கோபமாக இருக்கிறது, பார்த்தாயா ரோஸ்விதா?"
பார்த்தேன். வரைபடத்தில் சிவப்புக் கம்பங்கள்.
சூரியன் சீறினால் நம் காற்று பொங்கும்,
அடுப்பில் வைத்து மறந்த பால்.
பொங்கியது உயரே போய்
சும்மா போகிறவற்றின் காலைப் பிடிக்கும்.
எவ்வளவு பொங்கும்?
அதைத்தான் யாரும் சொல்ல மாட்டேனென்கிறார்கள்.

எழுதினேன்:
புதன், உலக நேரம் 5:38.
கூட்டியோ குறைத்தோ தொண்ணூற்றைந்து நிமிடம்.

என் நேர்மை முழுதும்
அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.
ஒரு நிமிடம் என்றால் நானூற்று அறுபது கிலோமீட்டர்.
தொண்ணூற்றைந்தைக் கூட்டிக் குறைத்தால்
பூமியையே இரண்டு முறை சுற்றி வந்துவிடலாம்.
மழைப்பேறும் பிள்ளைப்பேறும்
மகாதேவனுக்கும் தெரியாதாம்.
இது எந்தப் பேறு?

சாயங்காலம் தொலைபேசி. பின்லாந்தின் வடகோடி, இனாரி.
ஆவ்னே சாயெட்ஸ், பள்ளித் தலைமையாசிரியை.
மீட்புத் துறையில் யாரோ என் எண்ணைத் தந்திருக்கிறார்கள்.
ஒவ்வொரு சொல்லையும்
தரையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசினார்:
"நீங்கள் போட்ட கோடு எங்கள் கூரைமேல் போகிறது.
நாற்பத்தொரு பிள்ளைகள்.
பள்ளியை மூடவா?"

எரிபொருள் தொட்டி டைட்டானியம், உருகாது என்றேன்.
பெரும்பாலும் கடல் என்றேன்.
நிகழ்தகவு என்றேன்,
பல்லாயிரத்தில் ஒன்று என்றேன்.
"மூடவா, வேண்டாமா?"

என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"நானாக இருந்தால் மூட மாட்டேன்."
ரிசீவரை வைத்த பிறகுதான் உறைத்தது,
இந்த ஒன்றுக்கு மட்டும்
நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

இரவில் மூன்று முறை எழுந்து கணக்கைத் திருத்தினேன்.
நாலரை மணிக்கு வந்தது
கடைசியாக வந்த அளவீடு.
அதன்பின் ராடார்கள் எதுவும் அதைப் பார்க்கவில்லை,
அல்லது பார்க்க அது இல்லை.

புதன் மதியம் ஒற்றை வரி:
விழுந்தது, 4:52, தென் பசிபிக், அண்டார்டிகா பக்கம்.
கப்பல் இல்லை, விமானம் இல்லை, சாட்சி இல்லை.
"சாளரத்துக்குள்தான் விழுந்திருக்கிறது" என்றார் டெட்லெஃப்,
"நாம் தவறில்லை."
தவறில்லை என்பது சரி என்பதற்கு எத்தனை தூரம்?
ஒரு நிமிடத்துக்கு நானூற்று அறுபது.

நானே இனாரிக்கு அழைத்தேன்.

"மூடவில்லை" என்றார் ஆவ்னே.
"சீக்கிரமே வரச் சொன்னேன்.
விளக்கெல்லாம் அணைத்து
நாற்பத்தொரு பேரையும் முற்றத்துப் பனியில்
மல்லாக்கப் படுக்க வைத்தேன்.
விழுந்தால் பார்த்துவிட்டாவது போகட்டும் என்று.
எங்கள் நேரம் ஏழு முப்பத்தெட்டு.
ஒன்றும் வரவில்லை.
ஆனால் அந்தப் பச்சை!
அடிவானத்திலிருந்து உச்சிவரை,
ஓரத்தில் சிவப்பு வேறு.
இவ்வளவு பெரிய துருவ ஒளியை நான் பார்த்தே வருடங்களாயிற்று.
சின்னவன் ஊலா கேட்டான், இதுதான் அதுவா என்று.
இல்லையடா என்றேன். சரிதானே?"

நாங்கள் மேலே பார்க்கச் சொன்ன நிமிடத்தில்
நார்டா கடலுக்குள் போய்
முக்கால் மணி ஆகியிருந்தது.
பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தது
அதே சீற்றத்தின் மறுமுனையை.

"பாதி சரி" என்றேன்.
"ஊலாவிடம் சொல்லுங்கள், அது அதுவல்ல.
அதைக் கீழே இழுத்த கை."

அந்தப் பக்கம் பென்சில் ஓடும் சத்தம்.
பிறகு:
"எத்தனை நிமிடம் பிசகினீர்கள்?"

"நாற்பத்தாறு."

"அட, எங்கள் பள்ளிப் பேருந்து
பனிக்காலத்தில் அதைவிடப் பிசகும்."