கடைசி இருபது நிமிடம்

பிலாயிலிருந்து அக்கா வந்தாள்.
நாலு நாள், மூணு பெட்டி, அத்தான்,
தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற ரெண்டு பிள்ளைகள்.
வெட்டூர்ணிமடம், வெட்டூர்ணிமடம் என்று
ரயிலிலேயே ஒத்திகை பார்த்துவந்த மூத்தவன் அபினேஷ்
ஆட்டோக்காரரிடம் அதைச் சரியாகச் சொன்னான்.
"எங்க?" என்றார் அவர்.

ஊர் காட்டுவது என் பொறுப்பு.
மருந்துக்கடையில் லீவு சொன்னேன்.
திங்கட்கிழமை பத்மநாபபுரம் போனோம்.
திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை.
முப்பத்தி நாலு வருஷமாக இதே மாவட்டத்தில் இருக்கிறேன்,
எனக்குத் தெரியவில்லை.
"நீ உள்ள போயிருக்கியா?" என்றார் அத்தான்.
ஏழாங்கிளாஸில் என்றேன்.
பூட்டின கதவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டோம்.
இந்தத் தடவை எடுத்ததில்
எல்லாரும் கண்ணைத் திறந்திருக்கிற படம் அது ஒன்றுதான்.

செவ்வாய், கன்னியாகுமரி.
கடல் சீற்றம், படகு இல்லை.
இதில் எது எந்தக் கடல் என்றாள் சின்னவள்.
பஸ் ஸ்டாண்டில் வழி சொல்கிறவன் மாதிரி
மூணு பக்கமும் கை காட்டினேன்.
அவள் நம்பவில்லை.
கலர் மணல் பாக்கெட்டுக்கு அக்கா
நம்ம பேச்சில்தான் பேரம் பேசினாள்.
"எந்த ஊரு மக்கா?" என்றாள் கடைக்காரி.
அக்கா ஒரு நொடி யோசித்தாள்.
"நாரோயில்தான்."
அந்த ஒரு நொடிக்கு
இருபது ரூபாய் கூடுதலாகப் போயிற்று.

புதன் முழுக்க சொந்தக்காரர் வீடுகள்.
தக்கலையில் பெரியம்மை அவளைப் பார்த்து
"இப்படி மெலிஞ்சு போனியே" என்று கண்கலங்கினாள்.
கருங்கலில் மைனி "நல்லா தடிச்சிட்டே" என்றாள்.
நடுவில் அவள் சாப்பிட்டது ரெண்டு மட்டிப்பழம்.
எல்லா வீட்டிலும் அதே மிக்சர், அதே சீனி தூக்கலான டீ,
எல்லா வீட்டிலும் வாசல் வரைக்கும் வந்து
செருப்பு மாட்டும்போதுதான் முக்கியமான விஷயத்தை ஆரம்பித்தார்கள்.

வியாழன் ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு ரயில்.
"இங்க ஒரு படம் பாக்காம போகமாட்டேன்" என்றாள் அக்கா.
பெட்டிகளை சைக்கிள் ஸ்டாண்டுக்காரர்
முப்பது ரூபாய்க்குப் பார்த்துக்கொண்டார்.
ஆறே முக்கால் ஷோ.
படத்தில் தம்பி லாரியோடு காணாமல் போகிறான்,
அண்ணன் தேடுகிறான், அவ்வளவுதான் கதை.
பாட்டுக்கு விசில் பறந்தது.
பிள்ளைகள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று
பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள்.
அக்கா பாப்கார்னைத் தொடவில்லை.

ஒன்பது மணிக்கு அத்தானின் போன் வெளிச்சம்.
அண்ணன் அப்போதுதான்
ஏதோ ஒரு செக்போஸ்ட்டில் லாரியின் நம்பரைக் கேட்கிறான்.
நாங்கள் ஊராருடைய முழங்கால்களை எல்லாம் இடித்துக்கொண்டு
வரிசையை விட்டு வெளியேறினோம்.
அக்கா மட்டும் பின்பக்கமாகவே நடந்தாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.
கதவுத் திரைச்சீலை அவளைச் சுற்றிக்கொண்டது,
நான்தான் விடுவித்தேன்.

கோட்டாறு ஸ்டேஷனில் மீதிப் படம் ஓடியது.
"செத்திருப்பான்" என்றார் அத்தான்.
அபினேஷ் ரெண்டு வெடிகுண்டு வைத்தான்.
அக்கா சிப்ஸ் பொட்டலங்களை எண்ணிக்கொண்டே
"சும்மா கெடங்க, வருவான்" என்றாள்.
ரயில் நகர்ந்தபிறகு ஜன்னல் வழியாகக் கத்தினாள்:
"லே, நாளைக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லு!"

நாளை வெள்ளிக்கிழமை.
வடசேரியில் போகும்போது பார்த்தேன்,
பசை காயாத புதுப் போஸ்டர்.
பழைய படத்தில் அண்ணனின் ஒரு காதும்
லாரியின் பின்சக்கரமும் மட்டும் ஓரத்தில் மிச்சம்.

ராத்திரி விஜயவாடாவிலிருந்து போன் வந்தது.
"வந்தானா?"
வந்துட்டான் என்றேன்.
"எப்படி?"
லாரிய நல்லாக் கழுவி, வீட்டு முன்னால நிறுத்திட்டு,
ஒண்ணும் நடக்காதது மாதிரி
சோறு இருக்கான்னு கேட்டான்.
ரயில் பாலத்தில் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.
பிறகு அத்தானிடம் அவள் சொல்வது:
"நாந்தான் அப்பமே சொன்னேம்லா."

இன்னும் ஒரு மாதத்தில் அது போனிலேயே வந்துவிடும்.
அவள் பார்ப்பாள், பார்த்துவிட்டுக் கூப்பிடுவாள்.
ஏசட்டும்.
அதுவரைக்கும் லாரி வாசலில் நிற்கட்டும்.