ஆறு நீலம், ஆறு வெள்ளை

துறைமுக அலுவலகத்தில் கழித்துப்போட்ட
பழைய கடல் வரைபடங்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன்.
ஒரு பக்கம் நீலம், ஆழத்தின் எண்கள் இறைந்து கிடக்கும்.
மறுபக்கம் வெறும் வெள்ளை.
இசாஃப்யோர்துரில் டிசம்பர்.
சூரியன் மலைக்குப் பின்னால் போய் மூன்று வாரம்.
காலை பதினொன்றுக்கும் வகுப்பில் விளக்கெரிகிறது.

வட்டத்தைப் பாதியாக மடியுங்கள் என்றேன்.
அரைவட்டத்தை மூன்றாக.
அதை இன்னொரு பாதி.
பாதி எல்லார் கைக்கும் தெரியும்.
மூன்றில் ஒன்றைத்தான்
பேரம் பேசி வாங்க வேண்டியிருக்கிறது,
இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி, அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்து.

ஸ்டெயின்வோர் மூன்றுக்குப் பதில் நான்காக மடித்து
"என் பனிக்கு எட்டுக் கை" என்றாள்.
"சிலந்திக்கும்தான்" என்றது பின்வரிசை.
மேகத்தில் உறையும் நீர்
ஆறுக்குத்தான் சம்மதிக்கும் என்றேன்.
அதை யார் கேட்டார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

மடிப்போரத்தை மட்டும் முழுசாக வெட்டிவிடாதீர்கள்.
மூன்று முறை சொன்னேன்.
மூன்றாம் முறை சொல்லி முடிக்கும்போது
தோர்லாக்கூர் வெட்டி முடித்திருந்தான்.
இடதுகைக்காரன்;
பள்ளியில் இருக்கும் ஒரே இடதுகைக் கத்தரிக்கோல்,
பச்சைப் பிடி போட்டது, அவனுடையது.
ஓரம் பிசிறாக இருந்ததாம்,
இரண்டு பக்கமும் சீர் பண்ணினானாம்,
ஒன்று அலை அலையாக, ஒன்று நேராக.

மற்றவர்கள் விரிக்க விரிக்க
மேசையெல்லாம் நட்சத்திரம்.
அவன் விரிக்க எதுவுமில்லை.
பன்னிரண்டு துண்டுகள்
ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

வேறு தாள் எடுத்துக்கொள் என்று
சொல்ல வாய் திறந்தேன்.
அவன் அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தான்.
ஆறு நீலம். ஆறு வெள்ளை.
வெள்ளையை எல்லாம் புரட்டி நீலமாக்கினான்.
திரும்ப அடுக்கினான்.
சேரவில்லை.
"டீச்சர், இந்த ஆறும் அந்த ஆறும்
ஒண்ணு மாதிரியே இருக்கு. ஆனா ஒண்ணு இல்ல."

கண்ணாடிப் பிம்பம் என்ற சொல்
என் பாடத்திட்டத்தில் வெள்ளிக்கிழமைக்கு இருந்தது.
அன்று செவ்வாய்.
அதற்குள் அவன் எழுந்துபோய்
ஹீட்டர்மேல் காய்ந்த தன் கையுறைகளை எடுத்து வந்து
ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான்.
கட்டைவிரல்கள் ஆளுக்கொரு பக்கம் போயின.
ஒன்றை உள்வெளியாகப் புரட்டினான்.
பொருந்தின.
"ம்" என்றான், தனக்குத்தானே.

உடைந்ததை ஒட்டிப் பனிப்பூவாக்குவான் என்று
பசையை நகர்த்தி வைத்தேன்.
அவன் ஆறை மறுபடி வெள்ளையாக்கி
எல்லாத் துண்டும் ஒரே பக்கம் சாயும்படி
நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை
என்று ஜன்னலில் வட்டமாக ஒட்டினான்.
"இது பனியே இல்லை" என்றாள் எட்டுக்கைக்காரி.
"இல்லதான். எங்கப்பா படகோட ப்ரொப்பெல்லர்."
இப்படியே பார்த்தால்
சுற்றுவதாகத்தான் இருந்தது.
மடித்தால் ஒரு பாதி
மறுபாதியோடு சேராத வட்டம்.
நான் அன்று சொல்லித்தர வந்ததற்கு நேர் எதிர்.

மூன்று மணிக்கு இருட்டிவிட்டது.
பூட்டிவிட்டு இறங்கியவள், விளக்கை அணைக்க மறந்ததால்
தெருவிலிருந்து அந்த ஜன்னலைப் பார்த்தேன்.
நீலமிருந்த இடமெல்லாம் வெள்ளை,
வெள்ளையிருந்த இடமெல்லாம் நீலம்.
சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது.
வானத்திலிருந்து அசல் பனி
தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது.
விளக்கை அணைக்கத் திரும்பிப் போகவில்லை.

ஜனவரிக் கடைசியில் சூரியன்
மலைமேல் தலை காட்டும் நாள்.
ஊர் முழுக்கக் காபி, மெல்லிய பான்கேக்,
உள்ளே ஜாமும் க்ரீமும் வைத்து நான்காக மடித்தது.
தோர்லாக்கூர் என்முன் வந்து நின்றான்.
மடிப்போரத்தின் நடுவில் ஒரே ஒரு கடி.
"விரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க டீச்சர்.
எத்தனை ஓட்டை?"

நாலு மடிப்பு, நாலு ஓட்டை என்றேன்
நிச்சயமாக.

விரித்தான்.
இரண்டு.
ஜாம் என் சட்டைமேல்.