நாலாங் கிணற்றுச் சேறு

ஜெஸீமாவின் தையல் ஒன்பதாம் நாள் பிரிந்தது.
துடைத்தெடுத்த சீழைத் தட்டில் பூசி
ஆறு மருந்து வில்லை வைத்தேன்.
விடியும்போது
ஆறின் விளிம்புவரைக்கும் வந்து
குடியேறியிருந்தன கிருமிகள்,
எல்லைக்கல் இல்லாத காணியில்போல.

ஏழாவது, யாருக்கும் சொல்லாமல் வைத்தது:
கன்னியா வெந்நீரூற்று,
நாலாங் கிணற்றடிச் சேற்றில்
வளர்ந்த ஏதோ ஒன்றின் சாறு.
அதைச் சுற்றி மட்டும்
சுண்டுவிரல் நகமளவு வெறுமை.

அளந்தேன். பதினொரு மில்லிமீற்றர்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி அளந்தேன்.

மருந்தாகப் பத்து வருசம் செல்லலாம்.
சிறுநீரகம் தின்னும் நஞ்சாகவும் இருக்கலாம்.

வாட்டிலிருந்து மிஸ்ஸி போனெடுத்தா:
"றிப்போட் வந்திட்டோ?
பிள்ளைக்குப் பால் குடுக்கலாமாமோ?"

கொட்டியாரக் குடாவில் கப்பலொன்று ஊதியது.
ஆறு பெயருக்கும் நேரே
'பலனில்லை' என்றெழுதினேன்.
ஏழாவதுக்குப்
படிவத்தில் கோடு கிடையாது.